பெரிய டாக்டரின் கடைவாய்ப் பல்

பெரிய டாக்டருக்கே பல்வலி என்று சொன்னால் அந்தத் தெருவில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கிளினிக் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பல் பிடுங்கி அனுப்பியவர் அவர். நேரில் டாக்டர் என்பார்கள். அவர் தலை மறைந்ததும் பிடுங்கி டாக்டர் என்பார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்பட்டதில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். கை அப்படிப்பட்ட கை. நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இதோ பிடுங்கப் போகிறார், இதோ பிடுங்கப் போகிறார் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார். டாக்டரோ அந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருப்பார். பல் தட்டில் கிடக்கும்.

அப்படிப்பட்டவரின் பல்லைப் பதம் பார்த்தது ஒரு பாப்கார்ன். டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டே கிண்ணத்தின் அடியில் வெடிக்காமல் கிடந்த ஒரு சோளத்தை எடுத்து வாயில் போட்டார். இடது பக்கம், கீழே, 'டக்' என்றது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானதுதான். ஆனால் தன் வாய்க்குள்ளிருந்து வருவது அதுதான் முதல் தடவை. கடித்து விடும்போது சுரீர் என்று காது வரைக்கும் ஏறியது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாப்பாட்டையெல்லாம் வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

மனைவியிடம் அந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை.

"என்னங்க, பல்லா?" என்றாள், தட்டில் சோறு போட்டுக்கொண்டே.

"என்ன பல்லு?"

"ஒரு பக்கக் கன்னம்தான் வேலை பார்க்குது. இன்னொரு பக்கம் லீவுல இருக்கு."

"நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்."

"மூணு நாளாவா நாக்கைக் கடிச்சுக்கிட்டே இருக்கீங்க? பேசாம கீழ போய் அவகிட்டக் காட்டுங்க."

அவர் சோற்றை மென்று முழுங்கினார், வலது பக்கத்தில்.

கீழே என்றால் கிளினிக். மாடியில் வீடு, கீழ்த்தளத்தில் கிளினிக், நடுவில் ஒரு மாடிப்படி. அவருடைய மகளும் பல் டாக்டர்தான். படித்து முடித்துவிட்டு வந்து கிளினிக்கைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவளைச் சின்ன டாக்டர் என்றும் அவரைப் பெரிய டாக்டர் என்றும் ஜனங்கள் பிரித்துக்கொண்டார்கள். அவர் பிடுங்குவதில் கெட்டிக்காரர் என்றால் அவள் காப்பாற்றுவதில் கெட்டிக்காரி. சொத்தை விழுந்து பாதியாகிப்போன பல்லையும் உள்ளே சுத்தம் பண்ணி, வேருக்கு மருந்து வைத்து, அடைத்து, கேப் போட்டு அனுப்புவாள். ஒரு பல்லுக்கு நாலு தடவை வரச் சொல்லுவாள். பெரிய டாக்டருக்கு அது பிடிபடவே இல்லை. "அந்தப் பல்லை வெச்சுக்கிட்டு என்ன தாலாட்டா பாடப் போறாங்க?" என்பார்.

பொங்கல் வைக்கிற பானை மாதிரி இந்த மனஸ்தாபம் உள்ளுக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்தது என்று சொல்வதற்கில்லை. வீட்டில் இருவரும் சிரித்துக்கொண்டேதான் சண்டை போடுவார்கள். ஒரு நாள்தான் சிரிப்பில்லாமல் போய்விட்டது. ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். அந்தப் பல்லைக் காப்பாற்றலாம் என்று மகள் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த பெரிய டாக்டர், "எடுத்துடும்மா, தொல்லை விட்டுது" என்றார். வேன் டிரைவர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் முழித்தார். மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அப்பா, இப்ப இவரு என் பேஷண்ட்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. ஆனால் பெரிய டாக்டர் அன்றைக்கு மாடி ஏறியவர், அப்புறம் கீழே கால் வைக்கவே இல்லை. கேட்டால் முட்டி வலி என்பார். இப்போது பல்லைத் தூக்கிக்கொண்டு மகள் முன்னால் போய் நிற்பதென்றால், அறுபட்ட மூக்கை யார் ஒட்டித் தருவது?

ஆகவே அவர் வேறொரு யோசனை பண்ணினார்.

மத்தியானம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மகள் சாப்பிட மாடிக்கு வருவாள். அவள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார். முட்டி வலிக்காரர் நடக்கக் கிளம்புகிறாரே என்று மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவரிடம் பழைய சாவி இருந்தது. கிளினிக்கைத் திறந்து உள்ளே போனார். மருந்து வாடை மட்டும் அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் மாறியிருந்தது. சுவரில் வெளிர்நீலப் பெயிண்ட், புது நாற்காலி, தலைக்கு மேலே கை நீட்டிக்கொண்டிருக்கும் விளக்கு. அலமாரியின் கீழ்த்தட்டில் துணியில் சுற்றி வைத்திருந்த தன்னுடைய பழைய குறடுகளை எடுத்தார். துடைத்து, மினுக்கு மங்காமல் வைத்திருந்தாள் மகள். அது அவருக்கு எப்படியோ இருந்தது.

ஈறில் மரத்துப்போகும் களிம்பைத் தடவிக்கொண்டார். ஊசி வேண்டாம், ஒரு நொடி வேலைதானே என்பது கணக்கு. வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று வாயை ஆவென்று திறந்தார். கண்ணாடியில் வலது இடதாகத் தெரிந்தது. கை ஒரு பக்கம் போனால் குறடு ஒரு பக்கம் போனது. ஊராரின் வாய்க்குள் கண்ணை மூடிக்கொண்டு வழி தெரிந்த கைக்குச் சொந்த வாய்க்குள் வழி தெரியவில்லை. ஒரு வழியாகப் பல்லைப் பிடித்து லேசாக அசைத்தார். உச்சந்தலையில் மின்னல் வெட்டியது.

"ஐயோ! சார்! இது என்ன கூத்து?"

மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்த சிஸ்டர் வாசலில் நின்றாள். அவர் காலத்திலிருந்து அங்கே வேலை பார்க்கிறவள். அவர் வாயில் குறடும் கண்ணில் தண்ணீருமாகத் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இந்தச் சின்னக் கண்ணாடியைக் கொஞ்சம் இப்படிப் பிடிச்சீங்கன்னா…"

"பிடிக்கிறேன். நல்லாவே பிடிக்கிறேன்" என்றாள் சிஸ்டர். அவள் பிடித்தது போனை.

மகள் எச்சில் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் இறங்கி வந்தாள். கண்டபடி திட்டப் போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. குறட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தாள். கையைக் கழுவினாள், உறை மாட்டினாள், நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க. எத்தனை நாளா வலி? கடிக்கும்போதா, விடும்போதா?"

"விடும்போது" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அது பின்னால் சாய்ந்தபோது காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விளக்கு மூஞ்சியில் அடித்தது. மகளின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தாள். திரையில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன, பிடுங்க வேண்டியதுதானே?" என்றார் அவர்.

"பிடுங்கலாம்ப்பா."

அவள் மல்லுக்கு நிற்பாள் என்று எதிர்பார்த்து பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தவருக்குப் படியில்லாத இடத்தில் காலை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

"பிடுங்கலாமா?"

"உங்க பல்லு. பிடுங்கணும்னா பிடுங்கித் தரேன். ஆனா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடறேன். பின் வேரைச் சுத்தி நிழல் விழுந்திருக்கு. விரிசல் எதுவரைக்கும் போயிருக்குன்னு படத்துல தெரியாது. மேலோட நின்னிருந்தா காப்பாத்திடலாம். அடி வரைக்கும் போயிருந்தா முடியாது. திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"அப்போ உனக்குத் தெரியாதுங்கற?"

"தெரியாது."

"அதை இப்படியா பேஷண்ட் மூஞ்சிக்கு நேரா சொல்லுவே?"

"வேற எங்க பார்த்துப்பா சொல்றது?"

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சு டப்பாவை அடுக்கினாள். வலி குறைய மாத்திரை கொடுத்து, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யோசிங்க. பல்லு எங்கேயும் ஓடிடாது" என்று மகள் அனுப்பி வைத்தாள்.

மறுநாள் பால்கனியில் உட்கார்ந்து யோசித்தார். மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"பிடுங்கினா ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது. வெச்சுக்கிறதுன்னா அலைச்சல். கடைசில அதுவும் நிக்குமோ என்னமோ."

"பரவாயில்லையே, உங்களை யோசிக்கவாவது விட்டிருக்கா" என்றாள் அவள், ஒரு போர்வையை உதறிக்கொண்டே. "கல்யாணமான புதுசுல எனக்குப் பல்லு வலின்னு சொன்னேன். வாயைத் திறன்னீங்க, திறந்தேன். மூடினப்போ பல்லைக் காணோம்."

"அது சொத்தைப் பல்லு."

"இருக்கட்டும். என் சொத்தைதானே? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து, கன்னம் வீங்கி, தூங்காத கண்ணோடு வருவார்கள். இன்னொரு தடவை வா என்றால் வரமாட்டார்கள். வீட்டிலேயே கிடந்து, சீழ் பிடித்து, காய்ச்சலில் விழுவார்கள். வந்த அன்றே வலியைத் தீர்த்து அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிடுங்குவதைவிட நல்ல வழி அவர் கையில் இல்லை. தெரியாது என்று ஒரு நோயாளியிடம் சொல்ல அவருக்கு நேரமும் இருந்ததில்லை, தைரியமும் இருந்ததில்லை. தைரியம் என்ற சொல் மனசில் வந்ததும் அவரே கொஞ்சம் திடுக்கிட்டார்.

"அலைச்சல்னு சொன்னேன்ல, அது பொய்" என்றார் மெல்ல.

மனைவி போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு ஊசின்னா பயம்."

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. அவரும் சிரித்துவிட்டார். பல் சுரீர் என்றது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தார். "நானும் கீழ வரேன். கையைப் பிடிச்சுக்கறேன். வெளிய யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

சாயங்காலம் மூன்று படி இறங்குவதற்குள் நான்கு முறை நின்றார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மகளைப் பார்த்து, "திறந்து பார்த்துடு. நிக்கும்னா நிக்கட்டும், இல்லைன்னா எடுத்துடு. நடுவுல என்னைக் கேட்காதே" என்றார்.

"கேட்பேன்" என்றாள் மகள்.

ஊசி போட்டபோது அவர் மனைவியின் விரல்களை நசுக்கினார். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். எந்த எறும்பு இப்படிக் கடிக்கும் என்று தோன்றியது. பிறகு உதடு தடித்து, கன்னம் யாருடையதோ ஆகிவிட்டது. மிஷின் ஊங்கென்றது. மகள் பல்லைத் திறந்து, கழுவி, பூதக்கண்ணாடி வைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவளுடைய மூச்சு மட்டும் முகமூடிக்குள் கேட்டது.

நாற்காலியை நிமிர்த்தினாள்.

"அப்பா, விரிசல் பின் வேர்ல அடி வரைக்கும் போயிருக்கு. அது பிழைக்காது."

அவர் தலையசைத்தார். எதிர்பார்த்ததுதான்.

"ஆனா முன் வேர் கல்லு மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்ல. பல்லை ரெண்டா அறுத்து, பின் பாதியை எடுத்துட்டு முன் பாதியை வெச்சுக்கலாம். பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கேப் போட்டுடலாம். எல்லாருக்கும் ஒத்துவராது. நான் இதுவரைக்கும் ரெண்டே பேருக்குத்தான் பண்ணியிருக்கேன். வேண்டாம்னா இப்பவே முழுசா எடுத்துடறேன்."

அவர் ஏதோ சொன்னார். மரத்த வாயிலிருந்து, "ஆ ஏருக்கு எஃபி ஆச்சு?" என்று வந்தது.

சிஸ்டர்தான் மொழிபெயர்த்தாள். "அந்த ரெண்டு பேருக்கு எப்படி ஆச்சுன்னு கேட்கறாரு."

"ஒருத்தருக்கு நல்லா இருக்கு. இன்னொருத்தருக்கு ஒரு வருஷத்துல எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றாள் மகள்.

பெரிய டாக்டர் மனைவியைப் பார்த்தார். உங்க பல்லு என்பது போல அவள் தோளைக் குலுக்கினாள். ஆள்காட்டி விரலைத் தூக்கினார். முதலாவது ஆள் மாதிரி ஆகட்டும் என்பது அதற்கு அர்த்தம். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்றைக்கு முன் வேரைச் சுத்தம் பண்ணி மருந்து வைத்து அடைத்தாள். அடுத்த வாரம் அறுப்பது. அந்த ஒரு வாரமும் ராத்திரிச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லை. எப்படி அறுப்பாய், எங்கே பிடிப்பாய் என்று அவர் கேட்பார். அவள் காகிதத்தில் வரைந்து காட்டுவாள். வேர் வளைந்திருப்பதால் நாக்குப் பக்கம் சாய்த்து எடுப்பதுதான் சரி என்று அவர் சொன்னார். கன்னத்துப் பக்கம்தான் என்று அவள் சொன்னாள். "எத்தனை பல்லு எடுத்திருக்கேன் நான்!" என்றார். "இந்தப் பல்லை எடுத்ததில்லையே" என்றாள். மனைவி இருவர் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நாள் வந்தது. பல் இரண்டாகப் பிளந்தது. மகள் மெல்லிய குறட்டால் பின் பாதியைப் பிடித்தாள். பெரிய டாக்டர் மேலே எரிகிற விளக்கின் விளிம்பில் தன் வாயின் பிம்பம் சின்னதாகத் தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டார். உடனே வலது கை தானாக எழுந்தது. உள்ளே, உள்ளே என்று காற்றில் சாய்த்துக் காட்டினார்.

"கையைக் கீழ போடுங்க."

கை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தது.

"சிஸ்டர், பேஷண்ட் கையைப் பிடிச்சுக்கோங்க."

சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை ஏற்கெனவே மனைவியிடம் இருந்தது. வேறு வழியில்லாமல் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தனக்கு வேலை எதுவும் இல்லை, நம்பிக் கிடப்பது ஒன்றுதான் வேலை என்று அப்போது புரிந்தது. எத்தனை பேர் தன் முன்னால் இப்படிக் கிடந்திருக்கிறார்கள்! பல்லில் மெதுவான ஒரு அழுத்தம் தெரிந்தது. அவசரமே இல்லாத அழுத்தம். இந்தப் பெண் எங்கே கற்றாள் இத்தனை பொறுமையை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"வாயைக் கொப்புளிங்கப்பா."

கண்ணைத் திறந்தார். அவள் அந்தப் பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தாள். பல்லின் பாதி தட்டில் கிடந்தது.

எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அந்த வேரைப் பஞ்சில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தது. உடையாமல் முழுசாக வந்திருந்தது.

"ஆக்குப் பக்கம் ஆய்ச்சிருந்தா…" என்று ஆரம்பித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரமப்பட்டு நிறுத்திச் சொன்னார். "நாக்குப் பக்கம் சாய்ச்சிருந்தா உள்ளயே முறிஞ்சிருக்கும். நீ சொன்னதுதான் சரி."

மகள் கைதுடைக்கும் காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சுப்பா" என்றாள்.

"எனக்குத் தெரியல" என்றார். "பேஷண்டுக்குத் தெரியல. அது போதும்."

ஈறு ஆறிய பிறகு கேப் போட்டாள். கடிச்சுப் பாருங்க என்றாள். கடித்தார். இடது பக்கம் மறுபடியும் வேலைக்குத் திரும்பியது. எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். நல்லா பார்த்துக்கிட்டா ரொம்ப வருஷம் வரும், உறுதி சொல்ல முடியாது என்றாள். அவர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலை வேளையில் கீழேயிருந்து போன் வந்தது.

"அப்பா, சாப்பிட்டாச்சா? கொஞ்சம் கீழ வர முடியுமா? ஒரு எக்ஸ்ரே பார்க்கணும். எனக்கு ரெண்டு மனசா இருக்கு."

அவர் வீட்டுச் செருப்போடேயே இறங்கிவிட்டார். நாற்காலியில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அவசரத்தில் அதைக் கழற்ற மறந்து வந்திருக்க வேண்டும். அப்பாவும் மகளும் திரைக்கு முன்னால் தலையோடு தலை வைத்துப் பார்த்தார்கள். அவர் ஒரு வேரைக் காட்டினார். அவள் இல்லை என்று இன்னொன்றைக் காட்டினாள். பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மகள் அதற்காக மிஷினைத் தள்ளிக்கொண்டு வரப் போனாள்.

தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பினாள். நாடாவின் நுனியை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய டாக்டரே, எடுக்கறீங்களோ விட்டுவைக்கறீங்களோ, என்ன பண்ணினாலும் வலிக்குமா?"

முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான். வலிக்கவே வலிக்காது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஊசி போடும்போது கொஞ்சம் வலிக்கும்மா. எனக்கு வலிச்சுது. என் சம்சாரம் விரலை உடைக்கப் பார்த்தேன்."

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கா?"

"எனக்கேதான். அப்புறம் ஒண்ணும் தெரியாது. நீங்களும் யார் கையையாவது பிடிச்சுக்கணும்னா பிடிச்சுக்கலாம், நான் சும்மாதான் இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். விரலில் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்துக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள்.